இளம்பிள்ளைகளின் உடல்வலிமையும் நாளைய இதயநலமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற பெற்றோர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

 

இதயநோய் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆயினும் இன்று நாம் பேசவிருப்பது உங்கள் இதயத்தைப் பற்றி அன்று. உங்கள் பேரப்பிள்ளைகளின் இதயத்தைப் பற்றி. பத்து வயதுச் சிறுவனுக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை காண்பதும், விடை கண்டபின் நமது ஊரில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வதுமே இவ்வுரையின் நோக்கமாகும்.

நோய் எப்போது தொடங்குகிறது?

1950களின் தொடக்கத்தில் கொரியப் போரில் உயிரிழந்த அமெரிக்கப் போர்வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்தனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. எந்த நோயும் இல்லையென்று சோதித்துப் பார்த்துப் படையில் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும் 100 பேரில் 77 பேருக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் ஏதோ ஓர் அளவில் கொழுப்புப் படிவோ தடிப்போ காணப்பட்டது. 1953ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதுவரை முதியோர் நோய் என்று எண்ணப்பட்டது, மீசை அரும்பும் வயதிலேயே வேர்விட்டிருப்பது கண்கூடாகத் தெரிந்தது.

அதன்பின் 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்னும் சிற்றூரில், ஜெரால்ட் பெரன்சன் என்ற மருத்துவர் அவ்வூர்ப் பிள்ளைகளின் எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அளந்து குறித்து வைக்கத் தொடங்கினார். ஆண்டுகள் பல கடந்தும் அவ்வளவீடுகள் தொடர்ந்தன. விபத்து முதலிய காரணங்களால் இளவயதில் இறந்துபோனவர்களின் இரத்தக் குழாய்களை ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுள் எத்தனை ஒருவரிடம் சேர்ந்திருந்தனவோ, அதற்கேற்ப அவரது குழாய்களில் படிவும் பெருகியிருந்தது. பின்லாந்து நாட்டில் 1980ஆம் ஆண்டு 3 முதல் 18 வயது வரையுள்ள 3,596 பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. இளம்பருவத்தில் எடுத்த அளவுகள், அவர்கள் வளர்ந்தபின் கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கும் என்பதை முன்கூட்டியே உணர்த்தின.

ஆக, 50 வயதில் வரும் மாரடைப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுவதன்று. நாற்பது ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்த ஒன்று அன்றைக்கு வெளிப்படுகிறது.

நமது மண்ணில் இது இன்னும் முன்னதாகவே வெளிப்படுகிறது என்பது கவலைக்குரிய செய்தி. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களிடம் ஏறத்தாழ 53 என்றும், பிற நாட்டாரிடம் ஏறத்தாழ 59 என்றும் 2007இல் கணக்கிட்டுக் கூறினர். ஆறு ஆண்டுகள் என்பது சிறிய இடைவெளியன்று. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முடியாத வயது அது. வளைகுடா நாடுகளில் உழைத்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவர்கள் பலர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வருமானம் முழுதும் ஒருவரின் இதயத்தை நம்பி நிற்கும்போது, அந்த இதயத்தைக் காக்கும் வேலை அவருடைய பத்தாவது வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

ஒல்லியானவர்களுக்கு அச்சமில்லையா?

"என் பிள்ளை குண்டாக இல்லையே, குச்சியாகத்தானே இருக்கிறான்!" என்று தாய்மார்கள் கூறுவதைக் கேட்கிறோம். புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் அவர்களும், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் அவர்களும் 2004ஆம் ஆண்டு தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பின் பங்கை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு! பார்வைக்கு இருவரும் ஒல்லியே. ஒருவரிடம் தசை மிகுதி. மற்றவரிடம் கொழுப்பு மிகுதி.

இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும், அந்தக் குறைந்த எடைக்குள் தசையைவிடக் கொழுப்பைக் கூடுதலாகக் கொண்டும் பிறக்கின்றன என்பதையும் யாஜ்னிக் அவர்களின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. எனவே, எடைக்கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி நாம் நிம்மதி அடைய முடியாது. பிள்ளையின் கை கால்களில் தசை இருக்கிறதா, மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதா, இடுப்பைச் சுற்றி மட்டும் சதை திரள்கிறதா என்பனவற்றையும் கவனிக்க வேண்டும். ஒல்லியான பிள்ளைக்கும் ஓட்டம் தேவை. ஏனெனில் தசையை வளர்ப்பது உணவு மட்டுமன்று, உழைப்பும்தான்.

நடத்துநர் கற்பித்த பாடம்

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் இலண்டன் மாநகரின் பேருந்துப் பணியாளர்கள். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஒரே வகைக் குடும்பப் பின்னணி. எனினும் நடத்துநர்களிடம் இதயநோய் கணிசமாகக் குறைவாக இருந்தது.

ஓட்டுநர் வேலைக்கு இயல்பிலேயே பருத்தவர்கள் வந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. மோரிஸ் அதையும் விடவில்லை. நிறுவனம் அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்கள் சற்றுப் பருத்தவர்களாகத்தான் இருந்தனர். ஆனால் ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் திடீர் மரணம் நடத்துநர்களிடமே குறைவாக இருந்தது. உடலசைவு தனியாகவே ஒரு காப்பு என்பது இதனால் விளங்கியது.

அந்தக் காப்பு இளமையிலேயே வேண்டும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டுச் சான்று உண்டு. அங்கே இராணுவச் சேர்க்கைக்காக 18 வயது இளைஞர்களை மிதிவண்டி போன்ற கருவியில் மிதிக்கச் செய்து உடல்திறனை அளந்து வைத்திருந்தனர். அவ்வாறு அளக்கப்பட்ட 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பின்னாளைய உடல்நிலையை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். திறன் மிகக் குறைந்திருந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, திறன் மிகுந்திருந்த ஐந்தில் ஒரு பகுதியினரைக் காட்டிலும் மாரடைப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இவ்வேறுபாடு முழுவதும் ஓட்டத்தினால் மட்டுமே வந்தது என்று கூறிவிட முடியாது. பரம்பரைக்கும் வளர்ப்புக்கும் அதில் பங்குண்டு. மேலும், உடல்திறன் இருந்தும் மிகவும் பருத்திருந்தவர்கள் முழுமையாகத் தப்பவில்லை என்பதையும் அதே ஆய்வு கூறியது. எனவே விளையாட்டும் வேண்டும், உணவில் கட்டுப்பாடும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

உள்ளே நிகழ்வது என்ன?

ஒரு பிள்ளை ஓடும்போது உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை எளிமையாகப் புரிந்துகொள்வோம்.

இதயம் ஒரு தசை. பயிற்சியால் கை பலப்படுவதுபோல் அதுவும் பலப்படும். பலப்பட்ட இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றும். ஆகவே ஓய்வு நேரத்தில் குறைவாகத் துடித்தாலே போதும். வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளில் 1,03,680 துடிப்புகள். பயிற்சியினால் அது 60 ஆகக் குறைந்தால் 86,400 துடிப்புகள். நாளொன்றுக்கு 17,280 துடிப்புகள் மிச்சமாகின்றன.

இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு படலம் உண்டு. இரத்தம் விரைந்து ஓடி உரசும்போது அப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது குழாயை விரியச் செய்து, இரத்த அழுத்தத்தைத் தணித்து, குழாய்ச் சுவர் கெடாமல் காக்கிறது. இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்த அறிவியலாளர் மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாள்தோறும் ஓடியாடும் பிள்ளையின் குழாய்களில் இந்தச் சுரப்பு நாள்தோறும் தூண்டப்படுகிறது.

மூன்றாவதாக, உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்நேரத்தில் இன்சுலினின் உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. நீரிழிவு நிறைந்த குடும்பங்கள் பல உள்ள நமது சமுதாயத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

இன்றைய பிள்ளைகளின் நிலை

2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நூற்றுக்கு 81 பேர் தேவையான அளவு உடலசைவின்றி இருந்தனர். ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காடு. பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு. 28 நாடுகளில் 1964 முதல் 2010 வரை நடந்த ஓட்டச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பிள்ளைகளைவிட இன்றைய பிள்ளைகள் ஒரு மைல் ஓட ஏறத்தாழ 90 விநாடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2013இல் தெரிவித்தனர்.

உலகக் கணக்கு இருக்கட்டும். நமது தெருவின் கணக்கைப் பார்ப்போம். சுப்ஹு தொழுகைக்குப்பின் மதரஸா. அங்கிருந்து வேனில் பள்ளிக்கூடம். மாலையில் திரும்பியதும் டியூஷன். அது முடிந்தால் வீட்டுப்பாடம். மீதமுள்ள நேரம் கைப்பேசி. இந்த அட்டவணையில் கால்களுக்கு வேலை எங்கே இருக்கிறது? மார்க்கக் கல்வியும் வேண்டும், பள்ளிக் கல்வியும் வேண்டும். இரண்டையும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு மணி நேரம், சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் பச்சைக்குதிரையும் ஆடிய நேரம், எங்கே போயிற்று என்று கேட்கிறோம். அதை யாரும் திட்டமிட்டு எடுத்துவிடவில்லை. நாம் கவனியாதிருந்தபோது அது தானாகக் கரைந்துபோயிற்று.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கு இளைஞர்கள் மோட்டார் பைக்கில் வருகிறார்கள். வயது நிரம்பாத மகனுக்கும் வண்டி வாங்கித் தரும்படி வெளிநாட்டில் இருக்கும் தந்தையை வீட்டார் வற்புறுத்துகிறார்கள். பாசத்தினால் அவரும் வாங்கித் தருகிறார். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு மிதிவண்டி கிடைக்கும். இதயத்துக்கும் நல்லது, உயிருக்கும் பாதுகாப்பு.

பெண்பிள்ளைகளை மறக்கலாகாது

பத்துப் பதினோரு வயதுவரை பாண்டியும் நொண்டியும் ஆடித் திரிந்த பெண்பிள்ளை, பருவமெய்தியதும் ஒரே நாளில் அசைவை நிறுத்திக்கொள்கிறாள். நாணமும் ஒழுக்கமும் நமது மரபு. அதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒழுக்கம் என்பது அசையாதிருத்தல் என்று எங்கும் கூறப்படவில்லை. எலும்பு உறுதிபெறுவதும், தசை திரள்வதும், மாதவிடாய் சீர்படுவதும் அந்த வயதில்தான். நாளை அவள் தாயாகும்போது, அவளது உடல்நலம் அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் உடல்நலமாகிறது. முன்னர்க் கூறிய எடை குறைந்த குழந்தைகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டின் மொட்டை மாடியில் கயிறு தாண்டுவதற்கு என்ன செலவு? தாயும் மகளும் சேர்ந்து சுப்ஹுக்குப்பின் அரைமணி நேரம் விரைந்து நடப்பதற்கு என்ன தடை? பெண்கள் மட்டும் கூடும் நேரத்தில், பெண் ஆசிரியையின் பொறுப்பில், சுற்றுச்சுவருக்குள் பந்தெறிந்து ஆடுவதில் என்ன குறை? சிந்திக்க வேண்டுகிறோம்.

எவ்வளவு போதும்?

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. வாரத்தில் குறைந்தது மூன்று நாள்கள், மூச்சு வாங்கும்படியான கடும் அசைவும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் அதில் அடங்க வேண்டும். அறுபது நிமிடமும் ஒரே தவணையில் ஆக வேண்டியதில்லை. பத்தும் பதினைந்துமாகச் சேர்ந்தாலும் கணக்கில் வரும்.

அளவறியக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான அசைவு. இரண்டு சொல் பேசியதும் மூச்சு வாங்கினால் அது கடும் அசைவு.

படிப்புக் கெட்டுவிடுமே என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை, தம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினால் களைத்துப் போவதைக் கண்டு, 2012ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் 15 நிமிடம் வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்று ஓடவோ நடக்கவோ செய்தார். தனிச் சீருடை இல்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. பிள்ளை ஓடுகிறான், களைத்தால் நடக்கிறான், மீண்டும் ஓடுகிறான், அவ்வளவே. அந்த எளிய வழி பிற நாட்டுப் பள்ளிகளுக்கும் பரவியது. ஓடிவிட்டு வந்த பிள்ளை பாடத்தில் கூடுதலாகக் கவனம் செலுத்துகிறான் என்பது ஆசிரியர்கள் பலரின் அனுபவம்.

நன்றாக ஓடும் நான்கு பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்து, மீதி நாற்பது பேரை வேடிக்கை பார்க்கச் செய்வதே நமது ஆண்டுவிழா விளையாட்டுப் போட்டிகளின் வழக்கம். வேடிக்கை பார்க்கும் அந்த நாற்பது பேருக்குத்தான் ஓட்டம் மிகவும் தேவை.

உணவும் உறக்கமும்

1956ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நமது நாட்டிலேயே நடந்தது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலையொன்றில், எழுத்தர் முதல் மூட்டை சுமப்போர் வரை பலரும் எவ்வளவு உண்கிறார்கள் என்று ழான் மேயர் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் கணக்கெடுத்தனர். கடுமையாக உழைப்போர் அதிகம் உண்டதில் வியப்பில்லை. ஆனால் உட்கார்ந்தே வேலை செய்வோர், இலேசாக உழைப்போரைக் காட்டிலும் அதிகமாக உண்டனர், எடையும் கூடியிருந்தனர். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி தன் கணக்கை இழந்துவிடுகிறது. விடுமுறை நாளில் வீட்டில் கிடக்கும் பிள்ளை நொடிக்கொரு முறை அடுக்களையை எட்டிப் பார்ப்பதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

பிரியாணியையும் நெய்ச்சோற்றையும் விலக்கச் சொல்ல நாங்கள் வரவில்லை. அவை விருந்து உணவு. விருந்து நாளில் உண்பதற்குரியவை. வாரந்தோறும், சில வீடுகளில் வாரம் இருமுறை, என்றாகும்போதுதான் தொல்லை. 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. திருமண விருந்துகளில் பாட்டில் வைப்பதற்குப் பதிலாக மோரோ எலுமிச்சைச் சாறோ வைக்கலாம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. மதரஸா வாசலிலும் அதே நெறியை நாமே கடைப்பிடிக்கலாமே!

நோன்பு மாதத்தில் பகல் முழுதும் அடக்கி வைத்துவிட்டு, இஃப்தார் வேளையில் சமோசாவும் வடையும் கட்லெட்டுமாக எண்ணெயிலேயே நோன்பு திறப்பது இதயத்துக்கு உகந்ததன்று. பேரீச்சம்பழமும் கஞ்சியும் பழமும் போதும். நோன்பு வைக்கும் பிள்ளைகள் வெயிலில் ஓடுவதைத் தவிர்த்து, நோன்பு திறந்து சற்று நேரம் கழித்து நடந்தாலே போதுமானது.

உறக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. நள்ளிரவுவரை கைப்பேசியில் விழித்திருக்கும் பிள்ளைக்கு எடையும் இரத்த அழுத்தமும் ஏறும் வாய்ப்பு மிகுதி. புகைப்பழக்கமும், உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமும் தொடங்குவதும் இதே பருவத்தில்தான். கண்காணியுங்கள், கண்டால் அடிக்காதீர்கள், அமர்த்திப் பேசுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

ஓடச் சொல்லும் நாங்களே சில எச்சரிக்கைகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, நெஞ்சுவலி என்று கூறும் பிள்ளை, பிற பிள்ளைகளைவிட மிக விரைவில் மூச்சிரைக்கும் பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருக்கும் பிள்ளை ஆகியோரை இதய மருத்துவரிடம் காட்டிய பிறகே கடும் விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டும். நமது குடும்பங்களில் நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இருப்பதால், பரம்பரைக் கோளாறுகள் குறித்துக் கூடுதல் கவனம் தேவை.

தொண்டைவலியுடன் காய்ச்சல் வந்து, சில வாரங்களில் மூட்டுகள் வீங்கினால் அலட்சியம் வேண்டாம். அது வாதக் காய்ச்சலாக இருந்தால் இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். மருத்துவர் 21 நாள்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால், பிள்ளை நலமாகிவிட்டான் என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

இரத்த அழுத்தம் பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. 13 வயதுக்கு மேல் 120க்கு 80 என்ற அளவுக்குக் கீழே இருப்பது நலம். வேறு வேறு நாள்களில் மும்முறை அளந்தும் 130க்கு 80 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் மருத்துவ ஆலோசனை கட்டாயம். அதற்குக் குறைந்த வயதினருக்கு வயதும் உயரமும் பார்த்து மருத்துவர் கணிப்பார். பிள்ளையின் கைக்கேற்ற சிறிய பட்டையில் அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் பட்டையில் அளந்தால் எண் தவறாக வரும்.

ஜமாஅத்தின் முன் சில வேண்டுகோள்கள்

கேட்டுவிட்டுக் கலைந்து செல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. ஆகவே நிர்வாகத்தின் முன் பணிவுடன் சில கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, மதரஸாப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 15 நிமிட ஓட்டம். ஓதி முடித்ததும் உஸ்தாதின் மேற்பார்வையில் சுற்றிவரச் செய்தால் போதும். பாடநேரம் குறையாதபடி நேரத்தைச் சற்று மாற்றி அமைக்கலாம்.

இரண்டாவது, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆண்பிள்ளைகளின் விளையாட்டு நேரமாக ஜமாஅத் அறிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் டியூஷன் வைக்காதிருக்கும்படி நம் ஊர் ஆசிரியர்களிடம் நிர்வாகம் எடுத்துக் கூறினால், பெற்றோர் தனித்தனியே கூறுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, பெண்பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள்கள், பெண் ஆசிரியையின் பொறுப்பில் மதரஸாவின் மேல்மாடியை ஒதுக்க வேண்டும்.

நான்காவது, ஆண்டுக்கொருமுறை மருத்துவ முகாம். நமது முகாம்களில் பெரியவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உயரம், எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து, பெற்றோரிடம் ஓர் அட்டையாகக் கொடுத்தால், ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஐந்தாவதாகக் கூறப்போவதைச் சிலர் விரும்பாதிருக்கலாம். இருப்பினும் கூறித்தான் ஆக வேண்டும். மதரஸாவின் பின்புறம் முட்செடி மண்டிக் கிடக்கும் காலியிடத்தில் வாடகைக் கடைகள் கட்டலாம் என்ற கருத்து ஜமாஅத்தில் நிலவுகிறது. அது தவறான எண்ணமன்று. இமாமின் ஊதியத்துக்கும் ஏழைகளின் உதவிக்கும் நிலையான வருமானம் வேண்டும் என்பது நியாயமான கவலையே. ஆயினும் இந்த வட்டாரத்தில் நம் பிள்ளைகள் ஓடுவதற்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான். தெருவை ஒட்டிய முன்பகுதியில் கடைகளைக் கட்டிக்கொண்டு, பின்பகுதியை மைதானமாக விட்டுவைக்கலாமே! கடை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். கட்டடம் எழும்பிய நிலத்தை மீண்டும் மைதானமாக்கிய ஊரை நாம் கண்டதில்லை. முட்செடியை அகற்றி மண்ணைச் சமப்படுத்தும் வேலையை இளைஞர்கள் தங்கள் உடலுழைப்பாலேயே செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜமாஅத் நிதியிலிருந்து நாங்கள் கேட்பது சுற்றுச்சுவருக்கும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் மட்டுமே.

மாரடைப்புக்கு ஆளானவருக்கு உதவி கோரி ஜமாஅத்துக்கு விண்ணப்பம் வரும்போது நாம் தயங்காமல் அள்ளிக் கொடுக்கிறோம். அது நமது நற்பண்பு. அந்த விண்ணப்பங்கள் இருபது ஆண்டுகளுக்குப்பின் குறைய வேண்டுமானால், இன்று எட்டு வயதாக இருக்கும் பிள்ளைக்கு ஓட ஓர் இடமும் ஒரு மணி நேரமும் தர வேண்டும். நிர்வாகப் பெருமக்கள் இதனை அடுத்த கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொண்டு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு முடிவை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு நிறைவான உடல்நலத்தையும் நீண்ட ஆயுளையும் வல்ல இறைவன் அருள்வானாக!